சிவந்த பல்லும் என் அவசரச் சொல்லும்

1983-ஆம் ஆண்டு, ஐப்பசி மாதக் கடைசி. சங்கரன்கோவில் கால்நடை மருத்துவமனையில் நான் மருத்துவராகச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வடக்கு ரத வீதியில் ஒரு வீட்டு மாடியைப் பிடித்துத் தனியாகக் குடியிருந்தேன்.

மாட்டு ஆஸ்பத்திரிக்குப் பெண் டாக்டர் என்றால் அந்தக் காலத்தில் ஜனங்களுக்கு அதிசயம். மாட்டைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் என்னிடமே, "டாக்டர் எப்ப வருவாக?" என்று கேட்பார்கள். நான்தான் டாக்டர் என்று சொன்னால் கம்பவுண்டரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையாட்டிய பிறகுதான் கயிறு என் கைக்கு வரும். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன். ஆனால் உள்ளுக்குள் அது ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே வந்தது. நாலு பேர் முன்னால் எதற்கும் தயங்கக் கூடாது, தயங்கினால் நம்மை மதிக்க மாட்டார்கள் என்று மனதில் ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். நடந்த எல்லாவற்றுக்கும் அந்த வைராக்கியம்தான் காரணம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை வனத்துறை ஜீப் வந்து நின்றது. ராயகிரிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு எலுமிச்சைத் தோப்புக் கிணற்றில் கரடி செத்துக் கிடக்கிறதாம். அந்தப் பகுதி டாக்டர் விடுப்பில் போயிருந்ததால் என்னைக் கூட்டிப் போக வந்திருந்தார்கள். மாடு, ஆடு, நாய் என்று கல்லூரியில் எத்தனையோ பிரேதப் பரிசோதனை செய்திருக்கிறேன். கரடியைச் செய்ததில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரடியை வடக்கயிறு போட்டு மேலே தூக்கி, ஒரு தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். செத்துப் பத்து நாளாவது இருக்கும். நாற்றம் தோப்பு வாசலிலேயே அடித்தது. சுற்றிலும் ஐம்பது, அறுபது பேர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

அந்தத் தோப்பைக் குத்தகைக்குப் பார்த்துவந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த மனிதர். தோப்பை ஒட்டி ஒரு துண்டு நிலத்தில் நிலக்கடலையும் போட்டிருந்தார். கிணற்றில் கரடி மிதப்பதைத் தலையாரியிடம் போய்ச் சொன்னதே அவர்தான். ஒரு வாரத்துக்கு மேல் நல்ல மழை. மோட்டார் போட வேண்டிய தேவை இல்லாததால் கிணற்றுப் பக்கமே போகவில்லை என்று சொன்னார். ஆனால் கூட்டத்தில் ஒருவர் வனத்துறை ரேஞ்சரின் காதில் வேறொரு விஷயத்தைப் போட்டார். கடலையைக் கரடி கிளறிப் போட்டதும் இந்த மனிதர் டீக்கடையில் நின்று, இன்னொரு தடவை வந்தால் அதன் கதையை முடித்துவிடுவேன் என்று கத்தினாராம். ரேஞ்சர் அதைக் குறித்துக்கொண்டார்.

நான் கற்பூரத்தைக் கைக்குட்டையில் முடிந்து மூக்கில் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். குண்டு பாய்ந்த காயம் இல்லை. வெட்டு இல்லை. கழுத்தில் சுருக்குக் கம்பியின் தடம் இல்லை. மண்டை ஓடு உடையவில்லை. உள்ளுறுப்புகள் அழுகிக் குழைந்து போயிருந்ததால் அவற்றைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரைப்பையையும் கல்லீரலில் ஒரு துண்டையும் உப்புக் கரைசலில் போட்டு, இரண்டு ஜாடிகளில் அடைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். கடைசியாக வாயைத் திறந்தேன்.

பற்கள் சிவந்திருந்தன. ஈறு அல்ல, பற்களே. கோரைப் பற்கள் நாலும் அடியிலிருந்து பாதிவரை நல்ல ரோஸ் நிறம். ரத்தம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அழுத்தித் துடைத்தேன். பஞ்சு அழுக்கானதே தவிர நிறம் போகவில்லை. பல்லுக்கு உள்ளேயிருந்து வரும் சிவப்பு அது. அப்படி ஒன்றை நான் பார்த்ததும் இல்லை, படித்ததும் இல்லை.

கூட்டம் எட்டிப் பார்த்தது. ரேஞ்சர் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மேடம் இது, பல்லெல்லாம் இப்படி இருக்கு? எதனால செத்திருக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லியிருந்தால் போதும். பின்னால் யாரோ மெல்ல, "பொம்பளப்புள்ளைக்கு என்ன தெரியும்?" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் நிமிர்ந்து நின்றேன்.

"பல்லுக்குள்ள ரத்தம் இறங்கியிருக்கு. சாதாரணமா செத்தா இப்படி வராது. விஷம்தான்" என்றேன்.

சொன்ன வேகத்தில் கூட்டம் அமைதியாகிவிட்டது. எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தது போல் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் வனக்காவலர்கள் பம்ப்செட் அறைக்குள் புகுந்து எண்ட்ரின் டப்பா ஒன்றை எடுத்துவந்தார்கள். பூச்சிமருந்து. அந்தப் பக்கத்தில் எந்த விவசாயி வீட்டில் தேடினாலும் கிடைக்கும். ஆனால் நான் விஷம் என்று சொன்ன பிறகு கிடைத்ததால் அதுவே சாட்சியாகிவிட்டது. குத்தகைக்காரர், "சாமி சத்தியமா நான் ஒண்ணும் வைக்கல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அவருடைய மனைவி ஒரு எலுமிச்சை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அழவும் இல்லை, ஜீப்பின் பின்னால் ஓடவும் இல்லை. கரடியின் திறந்த வாயையே பார்த்தபடி நின்றாள். அதிர்ச்சியில் அப்படி நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை அவரை மாஜிஸ்ட்ரேட் வீட்டில் ஆஜர்படுத்த வேண்டும், அதற்குள் அறிக்கை எழுத்தில் வேண்டும் என்று ரேஞ்சர் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தும் அந்த நாற்றம் போகவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். வீட்டுக்காரம்மா கீழேயிருந்து கூப்பிட்டார். இறங்கிப் போனால் அந்தப் பெண் நிற்கிறாள். ராயகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் ஒரு உரச்சாக்கு. நான் பயந்துபோனேன். அழுது காலில் விழுவாள், அல்லது நடுத்தெருவில் என்னைச் சபிப்பாள் என்று நினைத்தேன்.

"நான் சண்டைக்கு வரலம்மா. ஒண்ணு காட்டணும்னு வந்தேன்" என்றாள்.

போன வருடம் கார்த்திகையில் அவர்களுடைய ஆடு ஒன்று அதே கிணற்றில் விழுந்துவிட்டதாம். களவு போய்விட்டது என்று ஊர் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். ஏழெட்டு நாள் கழித்து நாற்றம் வந்து பார்த்தால் கிணற்றில் மிதக்கிறது. எடுத்து எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்கள். புதைக்கும்போது அதன் வாயை அவள் பார்த்திருக்கிறாள்.

"அதுக்கும் பல்லு இதே நெறந்தாம்மா. வெத்தல போட்ட மாதிரி இருக்கேன்னு அப்பவே அவுககிட்டச் சொன்னேன். நேத்து கரடி வாயப் பாத்ததும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. எங்க ஆட்டுக்கு நாங்களே வெசம் வைப்போமாம்மா?"

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஐந்து வருடம் படித்தவளுக்கு இவள் பாடம் சொல்ல வந்துவிட்டாளே என்று தோன்றியது. ஆடு வேறு, கரடி வேறு என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். நான் முடிக்கும்வரை அவள் காத்திருந்து, சாக்கை அவிழ்த்து வாசலில் வைத்தாள். முந்தின நாள் ஜீப் போன பிறகு மரத்தடியைத் தோண்டியிருக்கிறாள். ஈரச் செம்மண் அப்பிய ஆட்டு மண்டை ஓடு.

முன்பற்கள் விழுந்து போயிருந்தன. கடைவாய்ப் பற்கள் மண் கறை பிடித்துப் பழுப்பாக இருந்தன. ஒன்றும் தெரியவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள், "ஒரு பல்லப் புடுங்கிப் பாருங்கம்மா, மண்ணு படாத அடிப்பக்கம் தெரியும்" என்றாள். பெட்டியிலிருந்து பல் பிடுங்கும் குறடை எடுத்து, ஒரு கடைவாய்ப் பல்லை அசைத்து உருவினேன். குழாயடியில் கழுவித் துடைத்தேன். எலும்புக்குள் புதைந்திருந்த வேர்ப் பகுதி மங்கலான ரோஸ் நிறத்தில் இருந்தது. சந்தேகம் தீராமல் அதைக் குறடால் உடைத்தேன். உள்ளேயும் அதே நிறம்.

அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுத்து நான் என்ன செய்யப் போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் எனக்குத் தெரிந்த இன்னொரு பெண் டாக்டர் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கிணற்றில் விழுந்தவர்கள், தூக்கில் தொங்கியவர்கள் என்று பிரேதப் பரிசோதனை செய்து பழக்கப்பட்டவர். பல்லை ஒரு காகிதத்தில் பொதிந்துகொண்டு இருவரும் அவர் குவார்ட்டர்ஸுக்கு நடந்தோம். அவர் அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு நின்றார். பல்லை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். விஷம் என்று சொன்னதையும் மறைக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "நானும் முதல் தடவை பார்த்தப்ப பயந்துதான் போனேன். பத்து நாள் கிணத்துல கிடந்த ஒரு அம்மா. என்னன்னு புரியல. அப்புறம் புத்தகத்தைத் தேடிப் படிச்சேன்" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். உடம்பு ஈரத்தில் பல நாள் கிடந்து, தலை தாழ்ந்து இருந்தால் ரத்தம் சிதைந்து, அதன் சிவப்பு பல்லுக்குள் மெல்ல ஊறி இறங்குமாம். தண்ணீரில் மிதக்கும் உடம்புக்குத் தலைதான் கீழே தொங்கும். அது செத்த பிறகு வரும் நிறம். உடம்பு எப்படிக் கிடந்தது என்று வேண்டுமானால் அது கொஞ்சம் சொல்லும், எதனால் செத்தது என்று சொல்லாது.

"சரி, பல்லை விடு. நோட்டுல வேற என்ன எழுதியிருக்கே?" என்று கேட்டார்.

நோட்டைப் பிரித்து வரிசையாக வாசித்தேன். நடுவில் ஒரு வரி. முன்னங்கால் நகங்களில் மூன்று உடைந்திருக்கின்றன, நகங்களுக்கு இடையில் சுண்ணாம்புப் பாறை பொடிந்த வெள்ளைச் சுக்கான் மண் இருக்கிறது என்று நானே என் கையெழுத்தில் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு, பல்லைப் பார்த்த பரபரப்பில் அதை மறந்தும் போயிருந்தேன். வாசித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். கூட வந்த பெண் மெதுவாகச் சொன்னாள்.

"கெணத்துல பாதிக்குக் கீழ சுக்காம்பாறைதாம்மா."

வனத்துறை அலுவலகத்துக்குப் போக அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து எனக்கும் பாதி இட்லி கொடுத்தாள். காலையில் தன் கணவருக்குக் கொடுக்கலாம் என்று கட்டி வந்தாளாம். நான் வேண்டாம் என்றேன். அவள் திரும்பவும் சாப்பிடச் சொன்னதால் விழுங்கினேன்.

வனத்துறை அலுவலக வராந்தாவில் அவளுடைய கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நேரே உள்ளே போனேன்.

ரேஞ்சர் அறிக்கைக்காகக் கை நீட்டினார். அறிக்கை இன்னும் எழுதவில்லை, கிணற்றை ஒரு தடவை பார்க்க வேண்டும், நீங்களும் கூட வர வேண்டும் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நேத்து அத்தனை பேர் முன்னால விஷம்னு அடிச்சுச் சொன்னீங்களே மேடம்?"

"தெரியாமச் சொல்லிட்டேன் சார். அந்தப் பல்லைப் பத்தி எனக்கு அப்போ ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

என் வாழ்க்கையில் சொல்லக் கஷ்டப்பட்ட வார்த்தைகள் அவை. அறையில் இரண்டு காவலர்கள் இருந்தார்கள், ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். எனக்குக் காது மடல் சூடேறியது. ரேஞ்சர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நல்ல மனிதர். நான் சொன்னதை நம்பித்தானே அவரும் குத்தகைக்காரரைப் பிடித்து வந்தார்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மேலே செம்மண், அதற்குக் கீழே வெளுத்த சுக்கான். கரடியை எடுப்பதற்காக முந்தின நாள் மோட்டார் போட்டுத் தண்ணீரை இறக்கியிருந்ததால் சுக்கான் சுவர் நன்றாக வெளியே தெரிந்தது. மதிய வெயில் நேராக உள்ளே விழுந்தது.

கீறல்கள். கிணற்றின் மேற்குப் பக்கச் சுவரில், முன்பு தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்கு, நகங்கள் இழுத்த கோடுகள். ஒன்றின் மேல் ஒன்றாக, எத்தனை என்று எண்ண முடியாதபடி. கொஞ்சம் ஏறி வழுக்கி, பக்கத்தில் நகர்ந்து மறுபடியும் ஏறி வழுக்கியிருக்கிறது. ஒரு காவலர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு வெடிப்பில் சிக்கியிருந்த நகத்துண்டைப் பிடுங்கிக்கொண்டு மேலே வந்தார். ரேஞ்சர் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"உசுரோட விழுந்து, ஏறப் பாத்திருக்கு, பாவம்" என்றார்.

விஷம் வைத்துக் கொன்று, செத்த கரடியை யாரும் கொண்டுவந்து கிணற்றில் போடவில்லை என்பது உறுதியாகிவிட்டது. மழை இருட்டில் கடலைக்கு வந்த கரடி, விளிம்பு தெரியாமல் விழுந்திருக்கிறது. பம்ப்செட் அறைத் திண்டில் உட்கார்ந்து அங்கேயே அறிக்கை எழுதினேன். பற்களின் நிறத்தை வைத்து மரணத்தின் காரணத்தைச் சொல்ல இயலாது, விஷம் என்று நேற்று நான் வாய்மொழியாகச் சொன்ன கருத்து தவறானது, கிணற்றில் விழுந்து இறந்ததற்கான அடையாளங்கள் உள்ளன, உள்ளுறுப்புகள் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'தவறானது' என்ற சொல்லை எழுதும்போது பேனா நின்றது. பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அவள் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அதை எழுதி முடித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூப்பிட்டால் வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டதோடு சரி. வராந்தாவில் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். மனைவி கையிலிருந்த மீதி இட்லியை வாங்கிக்கொண்டு நடந்தார். இரண்டு பேரும் ரோட்டில் முன்னும் பின்னுமாகப் போனதைப் பார்த்தபடி நின்றேன். மாசியில் பரிசோதனை முடிவு வந்தது. விஷம் எதுவும் இல்லை. கிணற்றைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்லித் தோப்பின் சொந்தக்காரருக்கு ரேஞ்சர் ஒரு கடிதம் எழுதினார், சுவரும் எழும்பியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு இது வெறும் அவமானமாகத்தான் மனதில் தங்கியிருக்கும். பங்குனி மாதம் ஒரு நாள் காலை, ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்ற ஆட்களுக்கு நடுவில் அந்தக் குத்தகைக்காரர் நின்றார். அவர் முறை வந்தது. பசு தலைச்சன் ஈற்றில் கஷ்டப்படுகிறது, விடியற்காலையிலிருந்து கன்று வெளியே வரவில்லை, நீங்கள் வர வேண்டும் என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. அவர்கள் பகுதி டாக்டர் விடுப்பு முடிந்து எப்போதோ வந்துவிட்டார். அவரிடம் போகாமல் ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

அவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "அவுக இருக்காக. நீங்கதான் வரணும்னு எங்க வீட்ல சொல்லிட்டா. உங்களுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுவீயள்லா, அதுக்குத்தான் வந்தேன்."

கம்பவுண்டர் பெட்டியை எடுத்து வைத்ததும் கிளம்பிவிட்டேன். கன்றின் தலை பின்னுக்கு மடங்கியிருந்தது. ஒரு மணி நேரம் போராடித் திருப்பி எடுத்தோம். அந்தப் பெண்தான் பசுவின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிழைக்குமா என்று நடுவில் அவள் கேட்டபோது, இன்னும் சொல்ல முடியவில்லை என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுழி. அரை மணியில் எழுந்து நின்று மடியைத் தேடியது. எனக்குக் கடும் காப்பி போட்டுக் கொடுத்தார்கள், மூன்று பேரும் கன்றைப் பார்த்துக்கொண்டே குடித்தோம்.

முப்பது வருடத்துக்கும் மேலாக வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேர் முன்னால், 'எனக்குத் தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் என் மரியாதை குறைந்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை, ஏதோ ஒரு வீட்டுக்கு நான் கெடுதல் செய்யாமல் தப்பித்தேன் என்ற நிம்மதிதான் வந்திருக்கிறது.